எத்தனை கொட்டாங்குச்சி வேண்டுமானாலும்

சவரிராயன் உபதேசியாரைத் தங்கமான மனுசர் என்றுதான் மேட்டுக்கொடிக்காலில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை, பீடி தொட்டதில்லை, அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை விழுந்து யாரும் கேட்டதில்லை. செல்வமேரியை முழங்காலில் நடக்கவிட்டபோதுகூட "வாம்மா, போம்மா" என்று மரியாதையாகத்தான் பேசினார். கோபத்தில் செய்திருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஆறியிருக்கும். அவருக்கு இருந்தது கோபம் இல்லை, ருசி. அது எங்கே ஆறும்?

பரமத்தி வேலூருக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் அது. வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை செய்து பிழைக்கிற வேதக்காரக் குடும்பங்கள் பாதி, மற்றவர்கள் பாதி. வேதக்காரர்களுக்கு ஓட்டுக்கூரை போட்ட அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். யார் கோயிலுக்குள் வரலாம், யார் பிணம் கல்லறைத் தோட்டத்துக்குள் போகலாம் என்பதுவரை அவர் வாய்ச்சொல்தான்.

அந்த ஊரில் ராயப்பனுக்கு வேலை வெற்றிலை எண்ணுவது. நூறு வெற்றிலை ஒரு கவுளி, நூற்றுச் சில்லறை கவுளி ஒரு சுமை. பெண்கள் கிள்ளிக் கொண்டுவந்து கொட்டுவதை எண்ணி, அடுக்கி, சுமை கட்டுவான். நடுவில் பேச்சுக் கொடுத்தாலும் அவனுக்கு எண்ணிக்கை தவறாது. அதற்காக அவனை யாரும் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. இன்னும் கலியாணம் ஆகவில்லை. வீட்டில் அவனும் அவன் அம்மா அன்னாளும்தான். அந்த அம்மாவுக்கு மகோதரம் கண்டு, வயிறும் காலும் நீர் கோத்து ஊதி, படுத்த படுக்கையாகிவிட்டாள். வேலூர் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாக்க வேண்டியவங்களை வரச்சொல்லிடுங்க" என்றார். அன்னாளுக்குப் பார்க்க வேண்டியவள் ஒருத்திதான், மகள் செல்வமேரி.

செல்வமேரி ஒரு காலத்தில் அந்தக் கோயிலில் முன்னால் நின்று செபம் சொல்கிற பெண். "இவள் கன்னியர் மடத்துக்குப் போவாள், பாருங்கள்" என்று சாமியாரிடமே உபதேசியார் பெருமையடித்திருந்தார். அவள் போனது சேலம் அம்மாபேட்டைக்கு, சின்னம்மா வீட்டுக்கு. அங்கே தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போன இடத்தில் கந்தவேல் என்ற நெசவுக்காரனோடு மனசு ஒத்துப்போய், மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். ஊர் அவளைத் தலைமுழுகியது. ஐந்து வருசம் கழித்து ஒரு தை மாதத்தில் கந்தவேலை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. அவன் வீட்டார், எங்கள் பையனை விழுங்கினவள் என்று அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சின்னம்மா வீட்டில் ஒண்டிக்கிடந்தவள், அம்மாவுக்கு முடியவில்லை என்று அண்ணன் ஆள் அனுப்பியதும் ஒரு துணிமூட்டையோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள். நயா பைசா புதிதாக வந்து, அணாக் கணக்கும் பைசாக் கணக்கும் குழம்பி, ஊர் முழுக்கக் கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த பங்குனி அது. வேதக்காரர்களுக்குத் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள்.

வந்தவளை வீட்டுப் படியிலேயே உபதேசியார் நிறுத்திவிட்டார்.

"மாரியம்மன் கோயில்ல தாலி கட்டிக்கிட்ட அபராதம் தீர்க்காம உள்ள கால் வச்சா, ராயப்பா, உன் வீட்டுக்கே சபை விலக்கு. நாளைக்கு உன் அம்மாவுக்குக் கல்லறைத் தோட்டத்துல ஆறடி கிடைக்காது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

உள்ளே கயிற்றுக் கட்டிலிலிருந்து அன்னாள், "மேரி வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். செல்வமேரிக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"தீத்தர்றனுங்க. என்ன சொன்னாலுஞ் செய்யறனுங்க. சீக்கிரம் சொல்லுங்க" என்றாள்.

உபதேசியார் அவளை வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் கோயிலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ராயப்பனும் பின்னாலேயே போனான். அம்மா உயிரோடு இருக்கும்போதே தங்கச்சியை ஒரே ஒரு தடவை வீட்டுப் படியேற்றி உள்ளே விட்டுவிட வேண்டும், அவனுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

"ஏழு சுற்று, முழங்கால்ல" என்றார் உபதேசியார். "சுற்றுக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் பத்து அருள் நிறை மந்திரம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. "இதை ஆண்டவரோட அஞ்சு காயத்துக்கும் செய். அதாவது, காயத்துக்கு ஏழு சுற்று, சுற்றுக்கு நாலு மூலை, மூலைக்கு... இல்லை, மூலைக்கு அஞ்சு காயம்னு வச்சா..." விரலை மடக்கினார். ஒரு கை விரல் மூலைக்குப் போயிற்று, இன்னொரு கை விரல் சுற்றுக்குப் போயிற்று, காயத்துக்கு விரல் இல்லை. இரண்டு முறை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "சரி, காயம் வேண்டாம். ஏழு சுற்றோட போகட்டும். ஆண்டவர் இரக்கமுள்ளவர்" என்றார்.

ஆண்டவர் இரக்கமுள்ளவராகவே இருக்கட்டும். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது உபதேசியாருக்கு இருந்த விரல் பஞ்சம்.

"இன்னொண்ணு கேட்டுக்கோம்மா. எண்ணிக்கை தவறினா முதல்லேருந்து. பொய்யா ஒரு சுற்றைச் சேர்த்துக்கிட்டா அது உன் தலையில விழாது. உன் அம்மா ஆத்துமத்து மேல விழும். உத்தரிக்கிற ஸ்தலத்துல அவங்கதான் அதுக்கு வேகணும்."

இது எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது என்று ராயப்பனுக்குக் கேட்கத் தோன்றியது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். அவள் நம்பிவிட்டாள். சின்ன வயதில் இதே மனிதர் வாயால் கேட்ட எல்லாவற்றையும் நம்பிய மாதிரியே இதையும் நம்பிவிட்டாள்.

கோயிலைச் சுற்றிப் பொடிக்கல் கலந்த மண். பங்குனி வெயிலில் அது எப்படிச் சுடும் என்று நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இவள் முழங்காலை ஊன்றிப் போனாள். உபதேசியார் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பத்து மந்திரத்துக்குச் செபமாலை மணி இருந்தது, அது தவறாது. ஆனால் மூலைக்கும் சுற்றுக்கும் மணி ஏது? அவள் மூன்று நான்கு சுற்றுப் போகிறவரை சும்மா இருப்பார். பிறகு மெதுவாக, "எத்தனையாவது சுற்றும்மா? எத்தனையாவது மூலை?" என்பார். அவள் தாகத்திலும் வலியிலும் திகைத்து, "அஞ்சு... இல்லீங்க, ஆறு" என்பாள். "முதல்லேருந்தும்மா" என்பார். அன்று பொழுது இறங்குவதற்குள் இரண்டு முறை அப்படிச் சொல்லிவிட்டார்.

ராயப்பன் அன்று சாயங்காலமே சேலத்துக்குப் பஸ் ஏறினான். பங்குச் சாமியார் கால் எலும்பு முறிந்து அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். சாமியார் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "சவரிராயன் சொல்றபடி கேளு. அவர் தங்கமான மனுசர்" என்றார். நர்ஸ் வந்து இவனை வெளியே போகச் சொன்னாள்.

அவன் திரும்பி வந்தபோது செல்வமேரி சென்னியம்மாள் வீட்டில் கிடந்தாள். சென்னியம்மாள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள், வேதக்காரி இல்லை. ராயப்பன் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது, நடுவில் ஒரே ஒரு மண்சுவர். போக்கிடம் இல்லாத பெண்ணை அவள்தான் உள்ளே கூப்பிட்டுப் படுக்கப் பாய் போட்டுக் கொடுத்திருந்தாள். முழங்கால் இரண்டிலும் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் ராயப்பனைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"ஏனப்பா, உங்க சாமி சாமியா, மண்டிக் கணக்குப்பிள்ளையா? இன்னைக்கும் ரண்டு தடவ மொதல்ல இருந்து சுத்த வுட்டுட்டான் அந்தாளு. செவுத்துக்கு அந்தப் பக்கம் தாயி கெடக்குறா, இந்தப் பக்கம் புள்ள கெடக்குது. கண்ணு, எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வந்துருன்னா கேக்க மாட்டேங்குது. நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

சுவருக்கு அந்தப் பக்கம் அன்னாள் இருமினாள். செல்வமேரி சுவரில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாவத்தோட அம்மா மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். "எனக்கு எண்ணிக்கைதாண்ணா நிக்க மாட்டேங்குது. மத்ததெல்லாம் முடியுது."

எண்ணிக்கை நிற்கவில்லை என்றால் அதற்கு ராயப்பனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? மறுநாள் விடிந்ததும் வாய்க்காலில் இறங்கிக் கூழாங்கல் பொறுக்கினான். மூன்று கொட்டாங்குச்சி எடுத்துக்கொண்டான். கோயில் படியில் அவற்றை வரிசையாக வைத்தான். வலக்கோடியில் இருப்பது மந்திரத்துக்கு. ஒரு மந்திரம் முடிந்தால் ஒரு கல். பத்துக் கல் சேர்ந்தால் அதைக் கவிழ்த்துக் காலியாக்கிவிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ளதில் ஒரு கல், அது மூலைக்கு. மூலையில் நாலு சேர்ந்தால் அதையும் கவிழ்த்துவிட்டு, இடக்கோடியில் ஒரு கல், அது சுற்றுக்கு. வெற்றிலையில் கவுளியும் சுமையும் எண்ணுகிற அதே வேலைதான். எந்த நேரத்தில் நிறுத்திக் கேட்டாலும் மூன்று கொட்டாங்குச்சியையும் எட்டிப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

செல்வமேரி ஒவ்வொரு மந்திரத்தையும் உரக்கச் சொல்லி முடிக்க முடிக்க ராயப்பன் கல்லைப் போட்டான். உபதேசியார் வழக்கம்போல, "எத்தனையாவதும்மா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் ராயப்பன், "நாலு சுத்து முடிஞ்சுதுங்க. அஞ்சாவது சுத்துல ரண்டாவது மூலை, ஆறாவது மந்திரம்" என்றான். உபதேசியார் கேட்க அதற்கப்புறம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. உச்சி வெயிலுக்கு முன்பே ஏழு சுற்றும் முடிந்தது. செல்வமேரி படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

"அம்மாகிட்டப் போலாமாண்ணா?"

உபதேசியார் அவளைப் பார்க்கவில்லை. படிக்கு வந்து குனிந்து கொட்டாங்குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீயே யோசிச்சதா ராயப்பா?"

"ஆமாங்க."

"மூணு வச்சிருக்க. மூணுக்கு மேல வச்சா குழம்பாதா?"

அந்த இடத்தில் ராயப்பன் வாயை மூடிக்கொண்டு, "குழம்புமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாவி மனுசன் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து எண்ணி எண்ணியே கை தேய்ந்தவனிடம், நீ எப்படி எண்ணுகிறாய் என்று கேட்ட முதல் ஆள் அவர். அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"எதுக்குங்க கொழம்போணும்?" என்றான். "கை எப்பவும் இந்த வலக்கோடியிலதானுங்க. இது நெறைஞ்சா கவுத்துட்டு, பக்கத்துல ஒரு கல்லு. பக்கத்துல நெறைஞ்சா அதையும் கவுத்துட்டு, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லு. மூணு வெச்சாலும் அதேதான், முப்பது வெச்சாலும் அதேதானுங்க. எத்தனை கொட்டாங்குச்சி வேணும்னாலும் வெச்சுக்கலாம். எண்றவனுக்கு வேலை மாறாதுங்க."

"ஒவ்வொண்ணுக்கும் எண்ணிக்கை வேற வேறயா இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டுமுங்க. இதுக்குப் பத்து, அதுக்கு நாலுன்னு மனசுல வெச்சுக்கிட்டாப் போச்சு."

"வேலை மாறாது" என்று உபதேசியார் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கோயிலுக்குப் பின்னால் போய், திருவிழாச் சமையலில் மிஞ்சிக் கிடந்த கொட்டாங்குச்சிக் குவியலிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணைத் துடைத்துவிட்டு, இடக்கோடியில் வைத்தார்.

"அஞ்சு காயம்" என்றார். "அன்னைக்கே சொன்னேன், நடுவுல விட்டுப்போச்சு. இதுக்கு அஞ்சு. இப்ப செஞ்சது முதல் காயத்துக்கு. இந்தா, முதல் கல்லை நானே போடறேன்."

செல்வமேரி மறுபடியும் முழங்காலை ஊன்றினாள்.

ஐந்து காயமும் முடிய மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. முடிந்த கையோடு உபதேசியார் இன்னொரு கொட்டாங்குச்சியோடு வந்தார். தயாராகத் துடைத்தே வைத்திருந்தார். "மாதாவுக்கு ஏழு வியாகுலம், ஏழு துக்கம். அஞ்சு காயத்தை நினைச்ச பிள்ளை மாதாவை மறக்கலாமாம்மா?" இதையும் இடக்கோடியில் வைத்து, ஒரு கல்லைப் போட்டார். "ஒரு வியாகுலம் தீர்ந்துபோச்சு பாரு. இன்னும் ஆறுதான்."

ஆறுதானாம். ராயப்பன் உட்கார்ந்து யோசித்தான். வலக்கோடியில் விழுகிற கல் ஒரு மந்திரம். இடக்கோடியில் விழுகிற கல் முப்பத்தைந்து சுற்று. இரண்டும் ஒரே வாய்க்காலில் பொறுக்கின கல். அவர் ஒரு கொட்டாங்குச்சியை வைப்பதற்குக் குனிந்து நிமிர்கிற நேரம்தான் ஆகிறது. அவளுக்கு இரண்டு வாரம் ஆகும். இதற்குமேல் சிலுவைப் பாதைக்குப் பதினாலு ஸ்தலம் இருக்கிறது, பன்னிரண்டு அப்போஸ்தலர் இருக்கிறார்கள், பத்துக் கற்பனை இருக்கிறது. வேதத்தில் எண்ணிக்கைக்கா பஞ்சம்? முன்பு விரலோடு நின்றவருக்கு இப்போது நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வழியைக் காட்டினவன் இவன்தான். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏனுங்க, அம்மா அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்து மிச்சத்தைச் சுத்தட்டுமுங்க" என்று காலில் விழுந்தான்.

"எழுந்திரு. நான் என்னப்பா செய்யறேன்? கொட்டாங்குச்சி நிறையணும், அவ்வளவுதான்" என்றார் உபதேசியார்.

முதலில் இரண்டு நாள் ஊர் ஜனம் வேடிக்கை பார்க்க வந்தது. உச்சுக் கொட்டியது. அப்புறம் பழகிப்போயிற்று. தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் அவள் வருகிற வழியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். செல்வமேரி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டாள். சாயங்காலத்தில் அந்தத் துணியைப் பிரிக்கச் சென்னியம்மாள் வெந்நீர் விட்டு ஊறவைக்க வேண்டியிருந்தது. ராயப்பன் கொடிக்கால் வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் கல் போட்டான், பொழுது இறங்கினால் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினான். அவள் ஒவ்வொரு நாளும், "மேரி எங்கடா?" என்று கேட்டாள். "நாளைக்கு வந்துருவாம்மா" என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். கடைசி இரண்டு நாளாக அவள் கஞ்சியும் இறங்காமல், கேட்பதையும் விட்டுவிட்டு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அன்று வெயில் ஏறும் நேரம். இடக்கோடிக் கொட்டாங்குச்சியில் ஐந்து கல் இருந்தது. இன்னும் இரண்டு, அதாவது எழுபது சுற்று. செல்வமேரி கோயிலுக்குப் பின்புறம் போயிருந்தாள். உபதேசியார் நாற்காலியில் தலை சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். சென்னியம்மாள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அப்புனு, உங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது. புள்ளயக் கூட்டிக்கிட்டு ஓடியா. இன்னும் செத்த நேரந்தான்."

ராயப்பன் உபதேசியாரைப் பார்த்தான். கொட்டாங்குச்சியைப் பார்த்தான். வெற்றிலை எண்ணுகிற தொழிலில் ஒரு கவுளிக்கு ஒரு இலை குறைத்து அறியாதவன், இரண்டு கல்லை எடுத்து இடக்கோடியில் போட்டான். மற்ற நாலையும் கவிழ்த்துக் காலியாக்கினான். பிறகு உபதேசியாரை எழுப்பி, "முடிஞ்சுதுங்க" என்றான்.

அவர் திடுக்கிட்டு விழித்தார். வந்து பார்த்தார். ஏழு கல். எண்ணிக்கையைக் கொட்டாங்குச்சியிடம் விட்டுவிட்டு நாலைந்து நாளாக அவர் குனிந்தே பார்க்கவில்லை, எதை வைத்து இல்லை என்பார்? முகம் சுண்டிப்போயிற்று. வேறு ஏதாவது வியாகுலம், ஏதாவது காயம் நினைவுக்கு வருகிறதா என்று தேடுவது தெரிந்தது. ஆனால் சென்னியம்மாள் பக்கத்திலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று முறைத்தாள்.

"சரி. போம்மா. போய் உன் அம்மாவைப் பாரு" என்றார்.

செல்வமேரி அப்போதுதான் மூலை திரும்பி வந்துகொண்டிருந்தாள். ராயப்பன் ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினான். "முடிஞ்சுது சாமி. வா, அம்மாவப் பாக்கலாம்."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியை எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சுதாண்ணா இருந்துது" என்றாள்.

"ஏழு. நீ மறந்துட்ட."

"இல்லண்ணா. ஒவ்வொரு சுத்துக்கும் நான் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். அஞ்சுதான்." அவள் முகம் வெளுத்துவிட்டது. உபதேசியார் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "எண்ணிக்கை தப்புங்க. இன்னும் ரண்டு இருக்குதுங்க. பொய்யி அம்மா மேல விழ வேண்டாமுங்க."

சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ராயப்பனுக்கு அந்த இடத்திலேயே தங்கச்சியைக் கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது, அதே நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது.

உபதேசியார் முகத்தில் மறுபடியும் களை வந்துவிட்டது. சத்தம் போடவில்லை. ஒவ்வொரு கொட்டாங்குச்சியாக எடுத்துக் கல்லைக் கொட்டினார். வரிசையாக ஐந்தையும் வைத்தார். குவியலுக்குப் போய் ஆறாவதைக் கொண்டுவந்து இடக்கோடியில் வைத்தார்.

"அர்ச்சிஷ்ட இராயப்பர் ஆண்டவரை மூணு தரம் மறுதலிச்சார். உன் பேர்க்காரர்தான் ராயப்பா. அதனால இதுக்கு மூணு" என்றார். "முதல்லேருந்தும்மா."

பிறகு செப புத்தகத்தையும் தீர்த்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டார். சாகிறவர்களுக்குச் செபம் சொல்வது உபதேசியார் கடமை. கடமையில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. சென்னியம்மாள் அவருக்கு முன்னால் அழுதுகொண்டே ஓடினாள்.

ராயப்பன் தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாடி. சபையும் வேண்டாம், கல்லறையும் வேண்டாம். அம்மாவைக் கொடிக்கால் மேட்டுல நானே பொதைச்சுக்கறேன். வந்து ஒருக்கா மூஞ்சியக் காட்டு."

"என்னால அம்மா வேகோணுமாண்ணா?" என்றாள். கையை உருவிக்கொண்டு மண்ணில் முழங்காலை ஊன்றினாள். "நீ போயிப் பாரு. நானே எண்ணிக்கறேன்."

அவன் போனான். வாய்க்கால் பாலம்வரை போனான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது அவள் முதல் மூலையிலேயே நின்றுவிட்டிருந்தாள். வாய் முணுமுணுத்தது, விரல் செபமாலையில் முன்னும் பின்னும் தடவியது, படியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இப்போதே தவறிவிட்டது. இப்படியே விட்டால் ஆயுசுக்கும் முதலிலிருந்துதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் இவள். ராயப்பன் சிறிது நேரம் பாலத்திலேயே நின்றான். பிறகு திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, "மொத மூலை, மொத மந்திரம். சொல்லு" என்றான்.

ஒரு சுற்றுப் போயிற்று. இரண்டாவது சுற்று பாதியில் இருந்தபோது உபதேசியார் பாலத்தில் வருவது தெரிந்தது. அவசரம் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வந்தார். ராயப்பனைக் கடந்து போகும்போது அவன் தோளில் ஒருமுறை தட்டிக்கொடுத்தார். நேராகப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். துக்க மணி இழுத்து இழுத்து அடித்தது.

செல்வமேரி கோயிலின் பின்புறத்திலிருந்து மூலை திரும்பி வந்தாள்.

"யாருக்குண்ணா மணி?"

ஊரில் சாகக் கிடந்தது ஒரே உயிர் என்று அவளுக்குத் தெரியாதா? ராயப்பன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மணி ஓய்கிறவரை அப்படியே இருந்தாள்.

"எந்திரி மேரி" என்றான் அவன். "இனி எதுக்கு?"

"இனிமேத்தாண்ணா அம்மாவுக்கு வேணும்" என்றாள். விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லி முடித்தாள். "பத்து ஆச்சு. மூலைக்குக் கல்லைப் போடு."

ராயப்பன் போட்டான்.